மலர் உதிர்ந்த பிறகு

மூன்றாம் ஆண்டு வரலாற்று மாணவன், மணவூர்

'முற்றும்' என்று எழுதியவர் சொன்னாலும், 'இல்லை, முற்றவில்லை' என்று படித்தவர் பிடிவாதம் பிடிக்கும் கதைகள் சில உண்டு. தமிழில் அத்தகைய கதை எது என்று கேட்டால், நம் கல்லூரியில் கதைப் புத்தகமே தொடாத மாணவன் கூட ஒரே பெயரைத்தான் சொல்வான். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950-ஆம் ஆண்டு 'கல்கி' வார இதழில் தொடங்கி 1954-இல் முடிந்தது. புது வெள்ளமாய்ப் புறப்பட்டுத் தியாகச் சிகரத்தில் ஏறி நின்ற அந்தக் கதை, ஐந்து பாகங்களும் ஆன பின்னரும் வாசகர்களை வீட்டுக்கு அனுப்பவில்லை. 'வந்தியத்தேவன் குந்தவையை மணந்தானா? நந்தினி என்ன ஆனாள்? சதிகாரர்கள் பிடிபட்டார்களா?' என்று கேட்டவர்களுக்காகக் கல்கி ஒரு முடிவுரையே எழுத வேண்டியதாயிற்று. அதில் ஒவ்வொருவரைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லி முடித்தார். அந்த ஆண்டு டிசம்பரிலேயே அவரும் மறைந்தார். அதன்பின் கேட்பதற்கு ஆளில்லை. ஆனால் கேள்விகள் நிற்கவில்லை.

கேள்வி இருந்தால் பதில் சொல்ல யாராவது வருவார்கள் அன்றோ? வந்தார்கள். 'அமுதசுரபி' இதழின் ஆசிரியராக நெடுங்காலம் இருந்த விக்கிரமன், 'நந்திபுரத்து நாயகி'யைப் பொன்னியின் செல்வனின் தொடர்ச்சியாகவே எழுதினார். பாலகுமாரன் ஆறு பாகங்களில் 'உடையார்' எழுதினார். அனுஷா வெங்கடேஷ் 'காவிரி மைந்தன்' எழுதினார். காலச்சக்கரம் நரசிம்மா 'சங்கதாரா' எழுதினார். இவற்றோடு, 1963-ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி பரிசைப் பெற்ற அகிலனின் 'வேங்கையின் மைந்தன்' இருக்கிறது. அது ராசேந்திரன் காலத்துக் கதை. தன் சொந்தக் காலில் நிற்கும் நூல். ஆயினும் அதில் முதியவராக வல்லவரையர் வந்தியத்தேவர் வருகிறார் என்பதற்காகவே அதையும் தொடர்ச்சி என்று எண்ணிப் படிப்பவர்கள் உண்டு. சின்ன வயதில் நம்மைத் தோளில் தூக்கிச் சுற்றிய மாமா, பல ஆண்டு கழித்துக் கைத்தடியோடு வாசலில் வந்து நின்றால் எப்படி இருக்கும்? அந்த நூலை முதன்முதலில் படித்தபோது எனக்கு அப்படித்தான் இருந்தது. மகிழ்ச்சி பாதி, வருத்தம் பாதி.

இந்த நூல்களின் தரத்தை எடை போடுவது என் நோக்கமன்று. அதற்குத் தமிழ்த்துறைப் பேராசிரியர்கள் இருக்கிறார்கள். இவற்றைப் படித்தவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதைத்தான் மூன்று ஆண்டுகளாகக் காது கொடுத்துக் கேட்டு வருகிறேன். திருத்தணியிலிருந்து மாலை ரயிலில் ஏறினால் மணவூர் வந்து இறங்குவதற்குள் ஒரு சபையே கூடிக் கலைந்துவிடும். அரக்கோணத்தில் வண்டி நின்றுவிட்டால் சபை நீடிக்கும்!

முதல் கட்சிக்காரர்கள் 'தொடவே கூடாது' என்பவர்கள். கோயில் கோபுரத்துக்கு மேல் இன்னொரு நிலை கட்டுவார்களா என்பது இவர்கள் கேள்வி. இவர்களில் பெரும்பாலோர் தொடர்ச்சி நூல்களில் ஒன்றையும் படித்ததில்லை என்பது விசாரித்தால் தெரியும். அதற்கு நேர்மாறான கட்சி ஒன்று உண்டு. யார் எழுதினாலும் சரி, வந்தியத்தேவனைக் குதிரைமேல் ஏற்றிவிட்டால் இவர்களுக்குப் போதும். 2022-லும் 2023-லும் மணிரத்னத்தின் படங்கள் இரண்டு பாகங்களாக வெளிவந்த பிறகு மூன்றாவதாக ஒரு கூட்டம் சேர்ந்திருக்கிறது. இவர்கள் படத்திலிருந்து புத்தகத்துக்கு வந்தவர்கள். கல்கி எழுதியது எது, பிறர் எழுதியது எது என்ற வேலி இவர்களுக்கு இல்லை. 1999-இல் கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆக்கப்பட்ட பிறகு எத்தனையோ பதிப்பகங்கள் அவற்றை அச்சிட்டுவிட்டதால், புத்தகக் கண்காட்சியில் எல்லாம் ஒரே மேசையில்தான் கிடக்கின்றன. எங்கள் வகுப்பு மாணவி ஒருத்தி நந்திபுரத்து நாயகியை ஆறாம் பாகம் என்றே நினைத்துப் படித்து முடித்து, 'கடைசி பாகத்தில் கல்கி கொஞ்சம் களைத்துவிட்டார்' என்று கருத்தும் சொன்னாள். சிரித்தோம். ஆனால் யோசித்துப் பார்த்தால், அதைவிட நேர்மையான விமர்சனம் ஒன்றை நான் கேட்டதில்லை. எழுதியவர் யார் என்று தெரியாமல் படித்த ஒரே வாசகி அவள்தானே?

அவள் சொன்ன 'களைப்பு' என்ன என்று பல நாள் நினைத்துப் பார்த்தேன். விக்கிரமன் பொறுமையான எழுத்தாளர். ஆண்டுக் கணக்கு, உறவு முறை, கல்வெட்டுச் சான்று எதையும் உதறிவிட்டு ஓடுபவர் அல்லர். குறை அங்கே இல்லை. கல்கியின் சோழநாட்டில் ஆபத்து நெருங்கும்போதெல்லாம் யாராவது ஒருவர் கேலி பேசிக் கொண்டிருப்பார். ஆழ்வார்க்கடியான் தடியைத் தூக்கினால் நமக்குப் பயத்துக்குப் பதில் சிரிப்பு வரும். எழுதுபவரே இடையில் புகுந்து வாசகரிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவார். பாத்திரங்களை இரவல் வாங்கலாம், இந்தக் குறும்பை எப்படி இரவல் வாங்குவது? தொடர்ச்சியைப் படித்துவிட்டு 'இது கல்கி இல்லை' என்று சொல்பவர்கள் வந்தியத்தேவனைத் தேடவில்லை. அவனை எழுதிய மனிதரின் புன்சிரிப்பைத் தேடுகிறார்கள் என்பது என் எளிய கருத்து.

பாலகுமாரன் இந்த இக்கட்டிலிருந்து தப்பிக் கொண்டார். அவர் கல்கியைத் தொடரவே இல்லை. மல்லுக்கு நின்றார் எனலாம். உடையாரில் காதலர்கள் ஓடம் விடுவதை விடக் கல் சுமப்பவர்கள் வியர்வை சிந்துவது அதிகம். பெரிய கோயில் எழும்பும் ஓசைதான் ஆறு பாகமும். 'பொன்னியின் செல்வன் மாதிரி இல்லை' என்று ரயில் சபையில் அதன்மேல் குற்றப் பத்திரிகை படிக்கப்படும்போது, அதுதானே அதன் பெருமை என்று நான் வாதாடுவதுண்டு. என் கட்சிக்கு ஆள் குறைவு.

இதுவரை சொன்னது வெளியார் கருத்து. இனி எங்கள் வீட்டுக் கருத்துக்கு வருகிறேன். அதைச் சொல்வதற்காகத்தான் இந்தக் கட்டுரையையே எழுதத் துணிந்தேன்.

என் ஆயாவுக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. எட்டாம் வகுப்பு வரை படித்தவர். தாத்தா ரயில்வேயில் கீமேனாக வேலை பார்த்தவர். தண்டவாளத்தோடு நடந்து போய் வரும்போது, பயணிகள் விட்டுச் சென்ற வார இதழ்கள் எது கிடைத்தாலும் ஆயாவுக்குக் கொண்டுவந்து கொடுப்பாராம். அப்படித்தான் எங்கள் வீட்டில் படிப்பு வளர்ந்தது. பொன்னியின் செல்வனைப் பக்கம் பக்கமாகக் கிழித்துத் தைத்த பழைய தொகுப்பு ஒன்று எங்கள் வீட்டுப் பரணில் இருந்தது. நடுவில் சில வாரங்கள் இல்லை. அந்த வாரங்களில் என்ன நடந்தது என்பதை ஆயா தாமாகவே சொல்லிவிடுவார். பின்னாளில் நான் புத்தகம் வாங்கிச் சரிபார்த்தபோது, ஆயா சொன்னது வேறு, கல்கி எழுதியது வேறு என்று தெரிந்தது. ஆக, எங்கள் ஊரில் பொன்னியின் செல்வனுக்கு முதன்முதலில் புதிதாகக் கதை சேர்த்து எழுதியவர், எழுதாமலே எழுதியவர், என் ஆயாதான்.

ஆயா எங்கள் தாத்தாவுக்கு இரண்டாம் தாரம். முதல் தாரம் ஒரு பெண் குழந்தையை விட்டுவிட்டு இறந்து போனார். அந்தப் பெண்தான் என் பெரிய அத்தை. ஆயா வளர்த்த பெண். இருவருக்கும் ஒருநாளும் பெரிய சண்டை வந்ததில்லை. அத்தையை உள்ளூரிலேயே கட்டிக் கொடுத்ததால் இரண்டு வீட்டுக்கும் நடுவே குழம்புக் கிண்ணம் போய் வந்துகொண்டே இருக்கும். ஆனால் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் இருவரும் இன்றுவரை ஒத்துப் போனதில்லை. அதுதான் கதை முடிந்த பிறகு வந்தியத்தேவன் செய்தது.

பொன்னியின் செல்வனின் கடைசி அத்தியாயத்தில் மணிமேகலை வந்தியத்தேவனின் மடியில் உயிர் விடுகிறாள். அவனைக் காப்பாற்றுவதற்காகப் பழியைத் தன் தலையில் போட்டுக் கொண்டவள் அவள். 'மலர் உதிர்ந்தது' என்று தலைப்பிட்டு, அத்தோடு கதையை நிறுத்திவிட்டார் கல்கி. என் அத்தையைப் பொறுத்தவரை கதை அங்கேதான் முடிந்தது. அங்கேதான் முடிய வேண்டும். ஆயா நூலகத்திலிருந்து நந்திபுரத்து நாயகியை எடுத்து வந்து படித்து முடித்து அத்தையிடம் நீட்டியபோது, அத்தை கையாலும் தொடவில்லையாம்.

"அந்தப் பொண்ணு அவனுக்காவ செத்துப் பூட்டா. அதுக்கு அப்பாலயும் அவனுக்கு இன்னா கதை வேண்டிக் கீது?" என்பது அத்தையின் கட்சி.

"அவன் இன்னாடி பண்ணுவான்? உசுரோட இருக்கறவன் இருக்கத்தானே வேணும்? கட்டிக்கினான்னா மறந்துட்டான்னு அர்த்தமா?" என்பது ஆயாவின் கட்சி.

சிறுவனாக இருந்தபோது இந்த வழக்கு எனக்கு வேடிக்கையாக இருந்தது. அரிசி புடைக்கும்போதும், தலை வாரும்போதும், பொங்கலுக்குத் தரை மெழுகும்போதும் திடீரென்று வந்தியத்தேவன் வந்துவிடுவான். கல்லூரிக்கு வந்து சரித்திரம் படிக்கத் தொடங்கியதும், தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு குந்தவையாரை வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியார் என்றே குறிப்பதைச் சொல்லி, தீர்ப்பு ஆயாவின் பக்கம்தான் என்று வீட்டில் அறிவித்தேன். ஆயா பெருமைப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ அத்தையின் முகத்தைப் பார்த்துவிட்டு, "கல்லுல எழுதனவனுக்கு இன்னாடா தெரியும்? நீ போய்ச் சாப்பிடு" என்றார். அப்போதுதான் எனக்கு மெல்லப் புரிந்தது. குந்தவைக்காகப் பேசியவர் பின்னால் வந்தவர். மணிமேகலைக்காகப் பேசியவர் முன்னால் போனவரின் மகள். இருவரும் தங்கள் பேச்சை நேராகப் பேசாமல் இத்தனை ஆண்டு ஒரு புத்தகத்தின் தலையில் போட்டுப் பேசி வந்திருக்கிறார்கள். கல்லில் வெட்டிய சான்றைக் கையில் வைத்துக் கொண்டு அங்கே தீர்ப்புச் சொல்ல நான் யார்?

சென்ற ஆண்டு அத்தைக்குக் கண்புரை அறுவை நடந்தது. சில நாள் படிக்கக் கூடாது என்றார்கள். பொழுது போகவில்லை என்று, என்னை எதையாவது படித்துக் காட்டச் சொன்னார். எதைப் படிக்கட்டும் என்றேன். "அந்த நந்திபுரத்தைத்தான் படியேன், உங்க ஆயா மாஞ்சி மாஞ்சிப் படிச்சதுல அப்படி இன்னா கீதுன்னு பாப்போம்" என்றார். பதினைந்து நாள் படித்தேன். குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. முடிந்ததும், "நல்லாத்தான் எழுதிக் கீறாரு" என்றார். பிறகு, "உங்க ஆயாகிட்ட சொல்லாதே" என்றார். நான் சொல்லவில்லை. ஆனால் இந்த ஆண்டு மலர் எங்கள் வீட்டுக்கு வரும். ஆயா முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிப்பார். என்ன நடக்குமோ, பார்க்கலாம்.

சரித்திர மாணவன் என்ற முறையில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மணவூருக்கு அடுத்த ரயில் நிலையம் திருவாலங்காடு. நடராசர் ஊர்த்துவ தாண்டவம் ஆடிய இரத்தின சபை என்றும், காரைக்கால் அம்மையார் தலையால் நடந்து வந்த தலம் என்றும் எல்லாரும் அறிவார்கள். அந்தத் தலத்தின் பெயரால் வழங்கும் செப்பேடுகள் 1905-இல் கிடைத்தன, 31 ஏடுகள், இப்போது சென்னை அருங்காட்சியகத்தில் உள்ளன. ராசேந்திர சோழன் தன் ஆறாம் ஆட்சியாண்டில் பக்கத்துப் பழையனூரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்குக் கொடுத்த செய்தி அவற்றில் இருக்கிறது. அது மட்டுமானால் ஒரு நிலப் பத்திரம் என்று விட்டுவிடலாம். ஆனால் வடமொழிப் பகுதியை இயற்றிய நாராயணன் என்ற புலவர் சோழர் வரலாறு முழுவதையும் பாடியிருக்கிறார். ஆதித்தன் விண்ணுலகைக் காணும் ஆசையால் சென்றுவிட்டான் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு மேலே போகிறார். குடிமக்கள் அருள்மொழியை அரசேற்கும்படி வேண்டியதையும், சிற்றப்பனுக்கு அந்த ஆசை இருக்கும்வரை தான் அதை மனத்தாலும் விரும்பவில்லை என்று அவன் விலகியதையும் சொல்கிறார்.

கல்கி ஐந்து பாகங்களாகக் கட்டிய மாளிகைக்கு இந்தச் சில வரிகள் அல்லவா கடைக்கால்! அதற்கு மேல் ஒன்று. நடந்தவற்றுக்கு ஒரு தலைமுறை கழித்து, அந்த அருள்மொழியின் மகன் ஆட்சியில், அவன் புகழ் பாடவே எழுதப்பட்ட நூல் அது. கொலை என்ற சொல் அதில் இல்லை. அப்படிப் பார்த்தால் இந்தக் கதைக்கு முதல் தொடர்ச்சி எழுதியவர் அந்த நாராயணனே. தமக்குப் பிடிக்காததை அவரும் விட்டுவிட்டார், நடுவில் விட்டுப்போன வாரங்களை ஆயா இட்டு நிரப்பியது போலத் தாமும் நிரப்பினார்.

கொலை என்று சொல்வது வேறொரு கல்வெட்டு. காட்டுமன்னார்கோயிலில் உள்ள உடையார்குடிக் கல்வெட்டு, இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டில் சோமன், ரவிதாசன், பரமேசுவரன் முதலிய துரோகிகளின் உறவினர் நிலங்கள் பறிமுதலானதைக் கூறுகிறது. அதுவரை ஏன் தாமதம், இடையில் ஆண்ட உத்தம சோழனுக்கு இதில் பங்குண்டா என்று நீலகண்ட சாத்திரியார் ஐயுற்றார். சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்தார். எங்கள் வகுப்பில் இந்தப் பாடம் நடந்த அன்று பேராசிரியர் பாடத்தை நிறுத்திவிட்டு எங்களையே பேசவிட்டார். சங்கதாரா படித்திருந்த மாணவன் ஒருவன் எழுந்து, குந்தவையின் பக்கமே விரல் நீட்டினான். ஐயோ, அன்று அவன் பட்ட பாடு! பெண்கள் வரிசை முழுவதும் எழுந்து நின்றுவிட்டது. "ஆதாரம் காட்டு" என்று கேட்டவர்களை விட, "எங்கள் குந்தவை அப்படிச் செய்ய மாட்டாள்" என்றவர்கள்தான் அதிகம். ஆயிரம் ஆண்டுக்கு முன் வாழ்ந்த இளவரசியின் நடத்தைக்கு 2020-களில் ஜாமீன் கொடுக்க இத்தனை பேர் முன்வருகிறார்கள் என்றால், அது கல்கியின் பேனாவுக்குக் கிடைத்த வெற்றி. வரலாற்றுத் துறைக்கு அது வெற்றியா என்று கேட்டதற்குப் பேராசிரியர் பதில் சொல்லவில்லை. சுண்ணக்கட்டியைத் துடைத்துக் கொண்டு சிரித்தார்.

அன்று மாலை ரயிலில் என்னோடு வந்த நண்பன் மட்டும் இதில் எந்தப் பக்கமும் சேரவில்லை. பள்ளிப்பட்டுப் பக்கத்தவன், வீட்டில் தெலுங்கு, பள்ளிப் படிப்பும் தெலுங்கில். பொன்னியின் செல்வனைப் படம் பார்த்துத்தான் அறிந்தான். "உங்கள் கதைகள் எல்லாமே தஞ்சாவூரிலேயே சுற்றுகின்றன. எங்கள் பங்கு எங்கே?" என்றான்.

நியாயமான கேள்வி. இராசராசனுக்கு ஒரு மகள் உண்டு. அக்காளின் பெயரையே அவளுக்கு இட்டான். அந்த இரண்டாம் குந்தவையை வேங்கி நாட்டு விமலாதித்தனுக்கு மணம் செய்து கொடுத்தான். அவள் மகன் ராசராச நரேந்திரன். ராசமகேந்திரவரத்தில் அவன் அவையில்தான் நன்னயர் மகாபாரதத்தைத் தெலுங்கில் பாடத் தொடங்கினார். அந்த நரேந்திரனின் மகனே 1070-இல் சோழ அரியணை ஏறிய முதற் குலோத்துங்கன். காவிரிக் கரையில் கல்கி நிறுத்திய கதை கோதாவரிக்குப் போய்த் திரும்பி வந்த வரலாறு இது. அதை எழுதினால் எங்கள் ஊருக்கும் ஓர் இடம் உண்டு. குலோத்துங்கனின் படைத்தலைவன், தில்லையில் எத்தனையோ திருப்பணிகள் செய்த நரலோகவீரன், மணவில் ஊரினன். மணவிற் கூத்தன் என்றே பெயர். அந்த மணவில் இந்த மணவூர்தான் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். தமிழ் அரசனா, தெலுங்கு அரசனா என்று பிரிக்க முடியாத ஒருவனுக்குக் கீழே எங்கள் ஊரான் ஒருவன் வாளேந்தி நின்றிருக்கிறான்!

"நீயே எழுதேன்" என்றேன் நண்பனிடம்.

"நீ தமிழில் எழுது" என்றான். "நான் தெலுங்கில் குறை சொல்கிறேன்."

முதல் அத்தியாயம் எழுதிவிட்டேன். மணவூர் ஏரிக்கரையில் தொடங்குகிறது. அவனுக்குப் படித்துக் காட்டினேன். குதிரை மிக மெதுவாகப் போகிறதாம்.